எட்டு எம்.எம். பச்சை

போடியில் கருப்புத் தாள் சுற்றிய வீடு எது என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கிறவர்கூட மேற்கே கை காட்டுவார். இரண்டு வருடம் அது ஊருக்கே அடையாளம். "கருப்பு வீட்டுப் பக்கம் எறக்கி விட்ருங்கண்ணே" என்று என் ஜீப்பில் ஏறியவர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அது என் அக்கா வீடு என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொண்டதில்லை. வீட்டுக்குத் தாள் சுற்றியவர் என் அக்கா புருஷன் மொக்கச்சாமி. சுற்றும்போது கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இந்தக் கதையில் என் பங்கு பெரும்பாலும் ஏணியைப் பிடித்ததுதான்.

மாமா முப்பத்தொரு வருடம் ஒரே ஏலக்காய் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். மலையிலிருந்து வரும் காயைச் சல்லடையில் போட்டு அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். வெடித்த காய், பிஞ்சு, நிறம் வெளுத்த காய் இவற்றைப் பெண்கள் பொறுக்கி எடுத்த பிறகு சரிபார்க்க வேண்டும். ஏலத்துக்குச் சாம்பிள் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதுதான் அவர் சோலி. எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் கீழே விழாமல் நிற்கிற காய்க்கு எட்டு எம்.எம். என்று பெயர். பச்சை மாறாத எட்டு எம்.எம். காயைக் கண்டால் மாமாவுக்கு முகம் மலர்கிற அளவுக்கு, மகள் அனுப்பிரியா பிறந்த அன்றுகூட மலர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

கிட்டங்கியோடு விட்டுவிட வேண்டிய பழக்கத்தை மனுஷன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கல்யாணத்தில் சாப்பிட்டுக் கை கழுவியதும், "சாம்பார் ஏழு எம்.எம்., ரசம் நல்ல காய், பாயசம் கழிவு" என்பார். பந்தி பரிமாறியவன் காதில் விழும்படிதான் சொல்வார். என்னைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "மாப்ள நல்ல காய்தான். லேசா வெடிப்பு" என்றாராம். வெடிப்பு என்று சொன்னது என் வாயை.

அக்காவையும் அந்தக் கிட்டங்கியில்தான் கண்டுபிடித்தார். என் அக்கா சந்திரவல்லி அங்கே காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பொறுக்கி முடித்த முறத்தில் ஒரே ஒரு பிஞ்சாவது அகப்படும் என்று ஆறு மாதம் தேடினாராம் மாமா. அகப்படவில்லை. ஏழாவது மாதம் பெண் கேட்டு வந்துவிட்டார். இதைவிடப் பெரிய காதல் கதை எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. சாம்பிள் எப்படியோ லோடும் அப்படியே இருக்க வேண்டும் என்பது ஒன்று. நல்ல காயாகப் பொறுக்கிச் சாம்பிள் காட்டிவிட்டு மட்டமான லோடை ஏற்றி அனுப்பச் சொன்ன முதலாளியோடு அவர் இரண்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார். விற்கிற சரக்கில் வாய் வைக்கக் கூடாது என்பது மற்றொன்று. முப்பத்தொரு வருடத்தில் ஒரு காயைக்கூட எடுத்து அவர் வாயில் போட்டதில்லை. ஊர் முழுக்க ஏலக்காய் மணக்கிற போடியில், அக்கா வீட்டில் மட்டும் எப்போதும் இஞ்சி டீதான்.

அந்த வீட்டை மாமாவின் அப்பா கட்டினார். அடியில் பாறை இருக்கிறது, அஸ்திவாரச் செலவு மிச்சம் என்று பாறையின் தலையிலேயே கட்டிவிட்டார். அஸ்திவாரத்தில் மிச்சம் பிடித்ததைப் படியாக வைத்தார். தெருவிலிருந்து வாசலுக்குப் பதினோரு படி. ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம். பின்கட்டில் நாலு படி இறங்கினால் கக்கூஸ்.

தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கிப் பொறுக்கி அக்காவுக்கு ஏற்கெனவே மூட்டு தேய்ந்திருந்தது. மிச்சத்தைப் படிகள் பார்த்துக்கொண்டன. படி ஏறக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார். ஜீப்பில் கூட்டிக்கொண்டு வந்து பதினோரு படியையும் ஏற்றிவிட்டேன். ஏறியதும் அக்கா மாமாவிடம் சொன்னாள்.

"வீட்ட வித்துட்டு, படி இல்லாத வீடா ஒண்ணு பாப்போங்க."

மாமா மறுக்கவே இல்லை. "விப்போம் புள்ள. நான் வேலைய விட்டு நிக்க இன்னும் மூணு வருஷம் இருக்கு. இன்னிக்கே ஆரம்பிச்சாத்தான் சரியா இருக்கும்."

"விக்கிறதுக்கு எதுக்குங்க மூணு வருஷம்?"

"செடியில பறிச்ச காய அப்பிடியே ஏலத்துக்குக் கொண்டுபோறானா? காயப்போடணும், தேய்க்கணும், சலிக்கணும், பொறுக்கணும். வீட்ட மட்டும் அழுக்கோட கொண்டுபோயி நிறுத்தச் சொல்றியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். வெடிப்பு என்று பெயர் வாங்கியவன், திறக்க வேண்டிய நேரத்தில் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சலிப்பு நடந்தது. வீட்டில் இருந்த சாமான் எல்லாம் கூடத்துக்கு வந்து, கிட்டங்கியில் போலவே மூன்று குவியலாகப் பிரிந்தது. நல்ல காய், நடுத்தரம், கழிவு. அக்காவின் சீர்வரிசைப் பித்தளை அண்டா நல்ல காய். என் கல்யாணப் போட்டோ கழிவு. "கண்ணாடி விரிசல் மாப்ள, உன்னைச் சொல்லல" என்றார். அவர் உட்காரும் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அதைத் தானே கழிவில் தூக்கிப் போட்டுவிட்டு, உட்கார இடமில்லாமல் ஒரு வாரம் நின்றுகொண்டே பேப்பர் படித்தார். நேர்மையில் குறை சொல்ல முடியாது.

பிறகு சுவரில் ஈரம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஈரக் காயை எஸ்டேட் ஸ்டோரில் சூடு ஏற்றித்தானே காயவைக்கிறார்கள்? கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, அறைக்கு ஓர் இரும்புச் சட்டியில் கரி மூட்டம் போட்டார். அக்காவை இரண்டு நாள் என் வீட்டில் கொண்டுவந்து விட்டார். வெளியே நின்று மணிக்கொரு தரம் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் திறந்தபோது பிளாஸ்டிக் வாளி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சாமி காலண்டர்கள் சுருட்டிய பாய் போல் சுருண்டு தொங்கின. பல்லிகள் குடும்பத்தோடு வேறு வீடு பார்த்துப் போய்விட்டிருந்தன. ஆனால் ஈரம் போய்விட்டது. மாமாவிடம் எனக்குப் பிடிக்காததே இதுதான், பாதி நேரம் அவர் செய்கிற கிறுக்குத்தனம் பலித்துவிடும்.

அந்த வருடமே வீட்டுக்குள் ஒரு கக்கூஸ் கட்டினார். வாங்க வருகிறவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்பார்களாம். வெள்ளைவெளேர் என்று உட்கார்ந்து போகிற மாதிரி. சுற்றிலும் பளபளவென்று டைல்ஸ். பொருத்திய ஆள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுப் போனான். அதோடு மேலே இருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் கதவைச் சாத்திவிட்டார் மாமா. படி இறங்கக் கூடாத அக்காவுக்கு அதைக் கட்டியிருக்கிறார் என்று நினைத்து, மாமாவுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டேன். அந்தக் கும்பிடை இன்றுவரை திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை.

அப்புறம்தான் பெயின்ட். மாமா சட்டைப் பையில் ஒரு எட்டு எம்.எம். காயை வைத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போனார். கூட நானும் போனேன். கடைக்காரர் பச்சை நிற அட்டைகளை விரித்தார். மாமா ஒவ்வொன்றின் மேலும் காயை வைத்துப் பார்த்தார். "இது மழைல நனைஞ்ச காய்." "இது போன வருஷத்துக் காய்." "இது ஏலக்காயே இல்ல, புடலங்கா." பதினாலாவது கலவையில் அவர் கண் நின்றது. காயை அதன் மேல் வைத்தபோது காய் இருக்கும் இடம் தெரியவில்லை. கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டின் முன்சுவர் முழுக்க அந்தப் பச்சை ஏறியது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மாமா மட்டும் சந்தோஷப்படாமல் எதிர்வரிசையில் நின்று சூரியனை முறைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, விக்கிறதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குல்ல? வெயில்ல நெறம் வெளுத்துரும்ல?"

"வெளுத்தா மறுபடி அடிங்க மாமா."

"ரெண்டாவது அடிச்சா அது இந்தப் பச்சையா இருக்காது." கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏலக்காய்க்கு நெறம் போகாம இருக்க என்ன செய்றோம்?"

வெளிச்சம் பட்டால் பச்சை வெளுத்துவிடும் என்று சாக்குக்குள் கருப்பு பாலித்தீன் உறை போட்டுத்தான் காயை வைப்பார்கள். போடியில் யாரைக் கேட்டாலும் தெரியும். ஆனால் அதை வீட்டுக்குச் செய்யலாம் என்று நினைக்க இந்த ஊரில் ஒரே ஒரு தலைதான் இருந்தது. அந்தத் தலைக்குத்தான் என் அக்காவைக் கொடுத்திருக்கிறோம்.

பாலித்தீன் உருளைகளை ஏற்றிவர என் ஜீப், ஏணி பிடிக்க நான். சவுக்குக் கம்பு நட்டு, சுவருக்கும் தாளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, சணல் கயிற்றால் இழுத்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு இறங்கி நின்று பார்த்தபோது, பாறை மேல் யாரோ ஒரு பெரிய மூட்டையைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. ஜன்னல்களையும் தாள் மூடிவிட்டதால் உச்சி வெயிலிலும் முன்னறையில் லைட் எரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் இருட்டிய பிறகு தாளின் மேல் ஓரத்தை மட்டும் தளர்த்தி இரண்டு மணி நேரம் காற்றாட விடுவார். அந்த இரண்டு மணி நேரமும் ஏணி என் கையில்.

முதல் வாரமே கட்சிக்காரர் ஒருவர் வந்து, "அண்ணே, கருப்பு கட்டியிருக்கீக, எந்த அரசாங்கத்துக்கு எதிரா?" என்று ஆர்வமாகக் கேட்டார். "வெயிலுக்கு எதிரா" என்றார் மாமா. எந்தப் பக்கம் ஆதரவு கொடுப்பது என்று தெரியாமல் அவர் போய்விட்டார்.

குரங்கணியிலிருந்து எங்கள் சின்னம்மா சுப்புத்தாய் ஒரு பை கொய்யாவோடு வந்தாள். தெரு முனையிலேயே வீட்டைப் பார்த்துவிட்டாள். பையைப் போட்டாள். முதல் படியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ எம் மருமகனே! எம் மகளை இருட்டுல விட்டுட்டுப் போயிட்டியே!"

ஏணி உச்சியிலிருந்து மாமா தலையை நீட்டினார். "அத்தே, யாரு போனது?"

"நீதானய்யா!" என்றாள் சின்னம்மா அழுகையை நிறுத்தாமல். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அக்கா வெளியே வந்து சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவளுக்கு இஞ்சி டீ கொடுத்தாள். அன்று சாயங்காலம் பஸ் ஏறும்போது, "ஆனா திருப்பதி, நான் சொன்னதுல தப்பில்ல, அவ இருட்டுலதான் இருக்கா" என்றாள் சின்னம்மா என்னிடம். எனக்குச் சுருக்கென்றது.

ஆடிக் காற்று போடிமெட்டிலிருந்து இறங்கினால் சும்மா இறங்காது. வீடே படபடவென்று அடித்துக்கொண்டு தேனிப் பக்கம் பறந்துவிடும் போல இருக்கும். மாமா கயிற்றின் மேல் கயிறாகக் கட்டிக்கொண்டே இருந்தார். இப்படியே இரண்டு ஆடி போயிற்று. மாமா கிட்டங்கி வேலையிலிருந்தும் நின்றுவிட்டார். மாலை போட்டு ஜீப்பில் கூட்டி வந்தோம். வீட்டை எப்போது காட்டலாம் என்று கேட்டேன்.

"இன்னும் தயாராகல மாப்ள. பின்பக்கச் சுவரு பாக்கி. முன்சுவர் சாம்பிள்னா மத்த மூணு சுவரும் லோடு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்ல. தை மாசம் பாப்போம்."

அடுத்த வாரம் அக்காவுக்குக் காய்கறி கொடுக்கப் பின்பக்கமாகப் போனேன். பின்கட்டுப் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முதலில் களைப்பாறுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தவாக்கில் ஒரு படி கீழே நகர்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு படி. பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"உள்ள புதுசா கட்டி வச்சிருக்கே, அது எதுக்குக்கா இருக்கு?"

"சத்தம் போடாதடா. விக்கிற சரக்குல வாய் வைக்கலாமா? புதுசா இருந்தாத்தான் வெரசா போகும். போனாத்தான் எனக்குப் படி இல்லாத வீடு. அவரும் இங்கதான வந்து போறாரு."

"நீ இப்பிடி உக்காந்து எறங்குறது மாமாவுக்குத் தெரியுமா?"

"அவரு இருக்கப்ப நின்னே எறங்கிருவேன். சொல்லித் தொலச்சிறாத. மனசு ஒடஞ்சு போவாரு."

அந்த நிமிஷம் மாமா எதிரே வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அக்கா கேட்டுக்கொண்டதற்காக அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நேராக டயர் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் விஜயபாண்டி என் ஜீப்புக்குப் பதினைந்து வருடமாக டயர் போடுகிறவர். இருக்கிற வீடு பிள்ளைகளுக்குப் போதவில்லை, பெரிய வீடு வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலையில வாங்க, வீடு காட்றேன்" என்று சொல்லிவிட்டு மாமா முன்னால் போய் நின்றேன்.

"காய் இன்னும் தயாராகலன்னு சொன்னேன்ல மாப்ள."

"அக்கா தயாராயிட்டா மாமா."

அக்காவும் உள்ளேயிருந்து, "வரச் சொல்லுடா" என்றாள். அப்புறம் மாமாவிடம், "அவுக வந்தா நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அந்தச் செவுத்துல ஓதம் இருந்துச்சு, இந்தக் கதவு மழைக்கு ஊதும்னு ஏலத்துல லாட் ஷீட் வாசிக்கிற மாதிரி கொறையெல்லாம் வாசிச்சீகன்னா நான் இந்தப் படியிலயே கெடந்து சாகணும்" என்றாள்.

மாமா யோசித்தார். தன்னை நம்ப முடியாது என்று அவருக்கே தெரியும். மறுநாள் காலையில், மகள் அனுப்பிரியா போன தடவை ஊருக்கு வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போன மசாலா டப்பாவைத் திறந்து, ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டு அடக்கிக்கொண்டார். இது இருக்கும்வரை பேசுவதில்லை என்று கையால் காட்டினார். முப்பத்தொரு வருடத்தில் முதல் காய். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் எனக்கே கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

தாளை அவிழ்க்கப் போகிறார்கள் என்று தெருவே கூடிவிட்டது. உள்ளே பூசணம் பிடித்துச் சுவர் நாறிக் கிடக்கும் என்று டீக்கடையில் நான் இரண்டு வருடமாகச் சொல்லி வைத்திருந்தேன். கயிற்றை வெட்டினேன். தாள் சரிந்தது. சுவர் நேற்று அடித்த மாதிரி பச்சைப்பசேல் என்று நின்றது. யாரோ கை தட்டினார்கள். மாமா வாயில் காயை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

விஜயபாண்டி, அவர் அம்மா கருப்பம்மாள், மனைவி ரேணுகா மூன்று பேரும் வந்தார்கள். கருப்பம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். ஒவ்வொரு படியிலும் நின்று அந்தப் படியைக் கட்டியவனைத் திட்டிவிட்டு அடுத்த படி ஏறினாள். மேலே வந்ததும் சுவர், கூடம், எதையும் பார்க்கவில்லை.

"ஏத்தா, பாத்ரூமு எங்கிட்டு?"

அக்கா பழக்கத்தில் பின்வாசலைக் காட்டிவிட்டாள். கருப்பம்மாள் அங்கே போய் நாலு படியை எட்டிப் பார்த்தாள். திரும்பி வரும்போது சாத்தியிருந்த கதவைத் தள்ளினாள். உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டபடி புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது.

"பெறகு இது என்னது?"

மாமா கன்னத்தில் காய் இடமிருந்து வலமாகப் போயிற்று.

"அது விக்கிறதுக்கு வச்சிருக்கது ஆத்தா" என்றாள் அக்கா. "நாங்க தொடுறதில்ல."

கருப்பம்மாள் அக்காவின் காலைப் பார்த்தாள். மூட்டில் சுற்றியிருந்த துணி சேலைக்குக் கீழே தெரிந்தது. "இந்தக் காலை வச்சுக்கிட்டு நீ அங்கிட்டா எறங்குற? எப்பிடி எறங்குற?"

வீடு விற்க வேண்டும். படி இல்லாத வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு சின்னப் பொய் போதும். நான் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அக்கா கிழவியின் முட்டியையும் பார்த்தாள், அதன் மேல் அவள் ஊன்றியிருந்த கையையும் பார்த்தாள்.

"உக்காந்து உக்காந்து எறங்குறேன் ஆத்தா. என் மூட்டு இந்தப் படியிலதான் போச்சு. நீங்க இங்க வந்தா உங்களுக்கும் அதான். வாங்குறவுக தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும்ல."

மாமா காயை விழுங்கிவிட்டார். இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. இருமியதால் வந்தது என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய்தான் காலியாகிவிட்டதே, பேசுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

விஜயபாண்டி சங்கடமாக, "அப்ப யோசிச்சு..." என்று இழுத்தார். அதற்குள் பாத்ரூமுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் கேட்டது. கருப்பம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். நாங்கள் ஐந்து பேரும் கூடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு வருடமாகக் காத்திருந்த தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

கருப்பம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "நல்லாருக்கு. பேசி முடிச்சிரு பாண்டி."

"படி இருக்கேம்மா..."

"அதான் ஏறி வந்துட்டேன்ல. எல்லாம் உள்ளயே இருக்கு. இனி எனக்கு எறங்குற சோலி இல்ல. நாலு பேரு தூக்குறப்ப அவங்க பாத்துக்கிறட்டும்." அக்கா பக்கம் திரும்பினாள். "நீ எங்க போவ?"

"படி இல்லாத வீடா தேடணும் ஆத்தா."

"எங்க வீட்டுல படியே கெடையாது. வாசல்ல வெள்ளம் வந்தா அதுவே உள்ள வந்துரும்" என்றாள் ரேணுகா. அவளும் அவள் மாமியாரும் சிரித்தார்கள்.

அன்று மத்தியானமே ஸ்டேஷன் பக்கம் இருந்த அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். விற்பதற்காக அந்த வீட்டில் யாரும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. கொடியில் துணி காய்ந்தது. சுவரில் இடுப்பு உயரம் வரை பிள்ளைகள் கரியால் கோழி வரைந்திருந்தார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா வாசலிலேயே நின்று பழக்கத்தில் ஆரம்பித்தார். "செவுரு பிஞ்சு. கதவு வெடிப்பு. குழாய் கழிவு..."

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. தெருவிலிருந்து உள்ளே போனாள். கூடம், அடுப்படி, பின்கட்டு, பாத்ரூம். எங்கேயும் காலைத் தூக்கவில்லை. திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மூன்றாவது தடவை போகும்போது கையை வீசி நடந்தாள். நான் என் அக்கா கையை வீசி நடந்து பார்த்து எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. மாமா 'கழிவு' என்று சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஒரு மாசம் டைம் குடு புள்ள" என்றார் மெதுவாக. "சுண்ணாம்பாவது..."

"ஒரு நாள்கூட இல்ல" என்றாள் அக்கா.

விலை வித்தியாசத்தைப் பேசி முடித்து வீடு மாற்றிக்கொண்டோம். குடிவந்த அன்று சாமான் இறக்கிவிட்டு மாமா வாசலில் தரையில் உட்கார்ந்தார். அவரிடம் கேட்பதற்கென்று நான் பல நாளாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகளோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு அஞ்சு தடவ, மாப்ள. நாலு படி எறங்கி நாலு படி ஏறுனா எட்டு. ஒரு நாளைக்கு நாப்பது. ரெண்டு வருஷத்துக்கு இருபத்தொம்பதாயிரத்து இருநூறு. செவுத்துப் பச்சைய வெயில் படாம பாத்தேன். அவள இருபத்தொம்பதாயிரம் படி ஏத்தி எறக்கிருக்கேன். அதுவும் உக்காந்து." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கிட்டங்கி ஆள் ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எதையும் கேட்கவில்லை.

கருப்புத் தாள் இப்போது என் ஜீப்புக்கு மேல்கூரை. போடிமெட்டு மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வராது. தாள் நல்ல தாள், அதில் குறை சொல்ல மாட்டேன்.

பத்து நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். சுவரில் கோழிகள் அப்படியே இருந்தன. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டீயில் ஏலக்காய் மணந்தது. நான் குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா பாத்ரூமுக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். மாமா அன்று காலையில்தான் அங்கே சுவரில் பிடித்து எழுந்திரிக்க ஓர் இரும்புக் கம்பி பதித்திருக்கிறார். அக்காவின் கை எவ்வளவு உயரத்துக்கு எட்டும் என்று மூன்று தடவை அளந்து பதித்தாராம். மிச்சம் இருந்த எட்டு எம்.எம். பச்சையை அதற்கு அடித்திருக்கிறார்.

"காயவே இல்லடா, அதுக்குள்ள பிடிச்சுப் பாரு, பிடிச்சுப் பாருன்னு தொல்ல தாங்கல" என்று கையை விரித்துக் காட்டினாள். மாமா அடுப்படி வாசலில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தார். அக்காவின் உள்ளங்கை இரண்டு நாளைக்குப் பச்சையாகவே இருந்தது.